ஒட்டிய தோல் ஏன் வாய் பிளக்கிறது?

14 அக்டோபர் 2024, மாலை: கேள்வி

இரண்டு அடுக்கு பெல்ட் செய்தேன். வெளியே 2 மி.மீ. வெஜ் டேன் (மரப்பட்டைத் துவர்ப்பில் பதனிட்ட தோல்), உள்ளே 1.2 மி.மீ. குரோம் (குரோமிய உப்பில் பதனிட்ட தோல்) லைனிங். மஞ்சள் சொல்யூஷன்தான் போட்டேன். பத்தே நாளில் ஓரம் வாய் பிளக்குது, பக்கிள் மடிப்பு மொத்தமா விட்டுடுச்சு. இதைவிட ஸ்ட்ராங்கான பசை எது? பெயர் சொன்னால் போதும்.

14 அக்டோபர், இரவு

பெயர் பிறகு. பிளந்த இடத்தை இன்னும் ஒரு அங்குலம் கையால் பிரித்து, இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். என்ன தவறு நடந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பசை முழுக்க ஒரு பக்கமே நின்று, மறு பக்கம் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தால், அந்த வெறும் பக்கத்தைப் பசை பிடிக்கவே இல்லை. எண்ணெய், மெழுகு, பளபளப்புக் கோட்டிங், தூசி இவற்றில் ஒன்று குறுக்கே நின்றிருக்கிறது. இரண்டு பக்கமும் பசை இருந்து, நடுவில் நூல் நூலாக இழுபட்டிருந்தால் பசைப் படலமே அறுந்திருக்கிறது: தடிமனாகப் பூசியது, காயாமல் ஒட்டியது, அல்லது பழைய பசை. இரண்டு பக்கமும் பசை காய்ந்து, வழவழவென்று, ஒன்றை ஒன்று தொடாத மாதிரி இருந்தால், அதிகம் காயவிட்டுவிட்டீர்கள் அல்லது போதுமான அளவு அழுத்தவில்லை.

தோலின் நாரே கிழிந்து பசையோடு ஒட்டிக்கொண்டு வந்தால், பசை தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு மேல் ஸ்ட்ராங் பசை தேவையில்லை, தோலே அதைவிட பலவீனம்.

உங்களுடையது வெஜ் டேனில் இருக்கும் எண்ணெய்ப் பிரச்சினையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

15 அக்டோபர்: கேட்டவர்

நீளவாட்டு ஓரத்தில் இரண்டு பக்கமும் பசை இருக்கு, நூல் நூலா இழுக்குது. பக்கிள் மடிப்பில் மட்டும் ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு. ஒட்டின அன்னைக்கு மழை. சீக்கிரம் காயட்டும்னு ஃபேனை முழு வேகத்தில் வெச்சேன், 5 நிமிஷத்தில் ஒட்டிட்டேன்.

15 அக்டோபர், இரவு

நேற்று எண்ணெய் என்று ஊகித்தது தவறு. இங்கே இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

பக்கிள் மடிப்பு: லைனிங் வைத்த பெல்ட்டைப் பக்கிளைச் சுற்றிப் பின்னால் மடித்தால், லைனிங்கின் மயிர்ப்பக்கம் (மயிர் இருந்த வழவழப்பான மேல்பக்கம்) லைனிங்கின் மயிர்ப்பக்கத்தோடு சேரும். குரோம் தோலின் மயிர்ப்பக்கத்தில் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் கோட்டிங் இருக்கும். பசை அந்தக் கோட்டிங்கைத்தான் பிடிக்கிறது, தோலை அல்ல. மடிப்பில் ஒட்டும் பரப்பைப் பென்சிலால் குறித்து, 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போய்ப் பஞ்சு மாதிரி நார் எழும்பும் வரை தேய்க்க வேண்டும். குறித்த கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளேயே நிறுத்திக்கொண்டால் தேய்த்த தடம் வெளியே தெரியாது. பிறகு தூசியை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத் துணி வேண்டாம். மடிப்புக்குள் வரும் லைனிங்கை ஒட்டுவதற்கு முன்பே 0.5 மி.மீ. அளவுக்குச் சீவிவிடுவது இன்னும் நல்லது. அங்கே மொத்தம் நான்கு அடுக்கு சேருகிறது, அந்தத் தடிமனே மடிப்பைத் திறக்கப் பார்க்கும்.

ஓரம்: இது காய்ச்சல் பதம் தவறியது. மஞ்சள் சொல்யூஷன் என்று கடையில் கேட்டு வாங்குவது நியோபிரீன் ரப்பரைக் கரைப்பானில் கரைத்தது. வெள்ளைப் பசை போல ஈரத்தோடு ஒட்டிவிட்டுக் காயவைக்கும் சரக்கு இது அல்ல. இரண்டு பக்கமும் பூசி, கரைப்பான் ஆவியாகிப் போன பிறகு, காய்ந்த படலத்தைக் காய்ந்த படலத்தோடு அழுத்தினால் ரப்பர் ஒன்றோடொன்று கலந்து, ஒரு நாளில் படிகமாக இறுகும். முன்கூட்டியே ஒட்டினால் கரைப்பான் நடுவில் சிக்கிக்கொள்ளும். தோல் வழியாக அது வெளியேற நாட்கள் ஆகும், அதுவரை உள்ளே சளி மாதிரிதான் இருக்கும்.

பதம் பார்ப்பது விரல் நுனியால் அல்ல, அதில் எண்ணெய் உண்டு. விரல் முட்டியின் பின்பக்கத்தால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுப்பு தெரிய வேண்டும், ஆனால் பசை விரலோடு நூல் விடக் கூடாது. நம் ஊர் வெயிலில் 8 முதல் 12 நிமிடம், மழை நாளில் 20 வரை. கடிகாரத்தை நம்புவதைவிட விரல் முட்டியை நம்புங்கள்.

16 அக்டோபர்

ஃபேன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகமான காற்று பசையின் மேற்பரப்பை மட்டும் காயவைத்து ஆடை கட்டவிடும். தொட்டால் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் ஈரம். உங்கள் ஓரத்தில் நூல் விட்டது இதனால்தான்.

மழை நாளில் இன்னொன்றும் சேர்கிறது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் குளிர்ந்த பசை மேல் பனி மாதிரி நீர் படியும். சாய்த்துப் பார்த்தால் லேசான வெண்மை, பால் பூத்தது போல. அந்த நிலையில் ஒட்டினால் இரண்டு படலத்துக்கும் நடுவே தண்ணீர். ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெண்மை மறையும் வரை இளஞ்சூடு காட்டி, பரப்பு கதகதப்பாக இருக்கும்போதே ஒட்டுங்கள். கரைப்பான் வாடை முழுக்க அடங்கிய பிறகே டிரையரைக் கையில் எடுக்க வேண்டும். அது உள்ளே கம்பி சிவக்கும் சாதனம்.

16 அக்டோபர், சற்று நேரம் கழித்து

எவ்வளவு பூசுவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பக்கம் 150 முதல் 200 கிராம். உங்கள் பெல்ட் 110 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 12 முதல் 15 கிராம்தான். சமையல் தராசில் டப்பாவைப் பூசுவதற்கு முன்னும் பின்னும் வைத்து ஒரு முறை நிறுத்துப் பாருங்கள், கை எவ்வளவு தாராளம் என்று தெரிந்துவிடும். பூசிய பிறகும் அடியில் தோலின் நிறம் தெரிய வேண்டும்.

வெஜ் டேனின் சதைப்பக்கம் (சொரசொரப்பான உள்பக்கம்) முதல் பூச்சைக் குடித்துவிடும். காய்ந்ததும் சில இடம் மங்கலாகவும் சில இடம் மினுமினுப்பாகவும் இருந்தால் மங்கிய இடத்தில் பசை இல்லை என்று பொருள். 20 நிமிடம் விட்டு இரண்டாவது மெல்லிய பூச்சு. ஸ்வேடுக்கு இது கட்டாயம்.

19 அக்டோபர்

இப்போது பெயர்கள்.

மஞ்சள் சொல்யூஷன், அதாவது ஃபெவிகால் எஸ்.ஆர். 998 வகையறா: பெல்ட், பை, செருப்பு அடுக்குகள், நுரை, மரம். இழுத்தால் தாங்கும், வளைந்தால் உடையாது. வைத்த பிறகு நகர்த்த முடியாது. நீளமான துண்டுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்துவிட்டு, ஒரு முனையிலிருந்து நான்கு விரல் அளவாக உருவிக்கொண்டே ஒட்டுங்கள். பசை காகிதத்தில் ஒட்டாது.

வெள்ளைப் பசை: நீரில் கலந்த பிவிஏ. சின்ன வேலைக்கு, பர்ஸ் பாக்கெட் ஓரத்துக்கு நல்லது. வாடை இல்லை, 2, 3 நிமிடம் நகர்த்திச் சரிபார்க்கலாம். ஒரு பக்கம் பூசினால் போதும், ஆனால் கிளிப் போட்டு அரை மணி நேரமாவது இறுக்கிப் பிடிக்க வேண்டும். காய்ந்தால் விறைக்கும். ஓரத்தை மெருகேற்றுபவர்கள் அந்த விறைப்பை விரும்புகிறார்கள், உப்புத்தாளுக்கு நன்றாக இணங்கும். வளையும் நடுப்பகுதிக்கு ஆகாது.

ரப்பர் சொல்யூஷன்: இயற்கை ரப்பர். தையலுக்கு முன் ஓரம் மடித்துப் பிடிக்க மட்டும். பிரித்து மறுபடி ஒட்டலாம் என்பதே இதன் பலம். நாளாக ஆகப் பழுப்பேறிப் பொடிந்துவிடும், தையல் இல்லாத இடத்தில் இதை நம்பக் கூடாது.

பியு (பாலியூரித்தேன்) பசை: செருப்பு சோலுக்கு. இரண்டு பக்கமும் பூசிக் காயவிட்டு, 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு காட்டி உயிரூட்டி, உடனே அழுத்த வேண்டும். தோல் வேலையில் இது அவசியமாகும் ஓர் இடம் ரெக்ஸின். ரெக்ஸினில் இருக்கும் பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து மஞ்சள் சொல்யூஷனை இளக்கிவிடும். ஒட்டிய அன்று மலை மாதிரி நிற்கும், சில மாதம் கழித்து ஜவ்வாக வழியும்.

உடனடிப் பசை, அதாவது ஃபெவிக்விக் வகை: காய்ந்தால் கண்ணாடி. வளைந்தால் நொறுங்கும், வெஜ் டேனில் கறை விடும். நூல் முனைக்கு ஒரு சொட்டு வைப்பவர்கள் பருத்தி நூலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும்.

21 அக்டோபர்

எண்ணெய் ஏறிய புல் அப் தோலுக்கு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒட்டும் பரப்பை மட்டும் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் இரண்டு முறை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தால். நிறம் கழலுமா என்று முதலில் மூலையில் பாருங்கள். துடைத்தபின் நாளைக்கு ஒட்டலாம் என்று வைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் எண்ணெய் திரும்ப மேலே ஏறும். அரை மணிக்குள் முதல் பூச்சு போட்டுவிட வேண்டும். தேன்மெழுகு, எண்ணெய் எல்லாம் ஒட்டித் தைத்து முடித்த பிறகுதான். சாயம் மட்டும் ஒட்டுவதற்கு முன்பே. பசை பட்ட இடம் சாயம் குடிக்காது, ஓரத்தில் மஞ்சள் கோடாகக் காட்டிக் கொடுக்கும்.

2 நவம்பர்

"தாத்தா காலத்தில் மைதா பசைதானே" என்ற கேள்வி. ஆமாம், இன்றும் தோல் அட்டை போட்டுப் புத்தகம் கட்டுபவர்களுக்கு மாவுப் பசைக்கு ஈடில்லை. ஈரம் வாங்கிய தோல் இழுபடும், முதுகு வரிகள் மேல் படியும், மூலையில் மடிப்பு எடுக்க நேரம் கிடைக்கும். ஒரு பங்கு மாவுக்கு 5 பங்கு தண்ணீர், சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்து பளிங்கு மாதிரி ஆனதும் இறக்கி, ஆறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். தோலின் சதைப்பக்கம் ஒரு முறை பூசி 5 நிமிடம் ஊறவிட்டு, மறுபடி பூசிப் போர்த்துங்கள்.

இரும்புச் சட்டியில் காய்ச்சாதீர்கள். வெஜ் டேன் தோலில் இருப்பது ஆவாரம்பட்டை, கடுக்காய், வேலம்பட்டை இவற்றின் துவர்ப்பு. அதோடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும், கடுக்காய் மை காய்ச்சியதே அப்படித்தான். துருப்பிடித்த பிரஷ் வளையம், இரும்பு அரத்தூள், ஈரத் தோல் மேல் வைத்த சுத்தி, எது பட்டாலும் நீலக் கறுப்பாகப் புள்ளி விழும். எவர்சில்வர் பாத்திரம் போதும்.

2 நவம்பர், இரவு

மாவுப் பசை பேச்சிலிருந்து மிருதங்கத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. அதன் வலப்பக்க முகமான வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குச் சோறு என்றே பெயர். குழைந்த சோறும் கிட்டக்கல் பொடியும் பிசைந்த கலவையை, அரிசி அளவு கனத்தைவிட மெல்லியதாகத் தோல் மேல் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்துக் காயவைத்து, அதன்மேல் அடுத்த பூச்சு. ஒரே தடவையில் கனமாக அப்பினால் காயும்போது வெடித்து உதிரும். அடிக்கு அடி அதிரும் தோலில் சோறு நிற்பதற்குக் காரணம் அந்த மெல்லிய பூச்சுகளும் இடையில் கொடுக்கும் காய்ச்சலும்தான். தொப்பி எனப்படும் இடப்பக்கம் ஒட்டும் ரவை மாறாக ஈரமாகவே இருக்க வேண்டும், கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒன்று நிலைக்க ஒட்டுவது, மற்றது பிரிக்க ஒட்டுவது.

வஜ்ஜிரம் பற்றியும் கேட்டார்கள். தோல் கழிவையே காய்ச்சி எடுத்த பசை அது. இரவு ஊறவைத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். மர வேலைக்கு அருமை. வளையும் தோலுக்கு வேண்டாம், காய்ந்த காலத்தில் வெடிக்கும், ஈரக் காலத்தில் இளகும்.

24 நவம்பர்

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. பெல்ட்டின் ஓரமும் முனையும் திறப்பதற்குப் பதம் தவறியது மட்டும் காரணம் அல்ல. தட்டையான மேசையில் ஒட்டியதும் ஒரு காரணம்.

கணக்கு இதுதான். 2 மி.மீ. வெளித்தோலின் நடுவுக்கும் 1.2 மி.மீ. லைனிங்கின் நடுவுக்கும் இடைவெளி 1.6 மி.மீ. இடுப்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்தால் வெளி அடுக்கு உள் அடுக்கைவிட 2 × 3.14 × 1.6, அதாவது 10 மி.மீ. அதிகம் ஓட வேண்டும். தட்டையாக ஒட்டினால் இரண்டும் ஒரே நீளம். அந்த 10 மி.மீட்டரை லைனிங் சுருங்கித்தான் தாங்க வேண்டும். ஒவ்வொரு முறை கட்டும்போதும் பசை பக்கவாட்டில் இழுபடுகிறது, அந்த இழுப்பு முனைகளில்தான் அதிகம். முனை வாய் பிளக்க வேறென்ன வேண்டும்?

ஆகவே வளைத்து ஒட்டுங்கள். 90 செ.மீ. இடுப்பென்றால் விட்டம் சுமார் 29 செ.மீ. வீட்டு பக்கெட் கிட்டத்தட்ட அந்த அளவுதான். முழு வளைவு வேண்டாம், தைக்கவும் துளை போடவும் மறுபடி தட்டையாக வைக்க வேண்டியிருக்கும். பாதி வளைவு போதும். வெளித்தோலைச் சதைப்பக்கம் உள்ளே வரும்படி கையில் வளைத்துப் பிடித்து, லைனிங்கை ஒரு முனையிலிருந்து படியவிட்டுக்கொண்டே போங்கள். கடைசியில் லைனிங் 5 மி.மீ. அளவு வெளியே நீண்டு நிற்கும். நின்றால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

பர்ஸுக்கும் இதே கணக்கு. 1.2 வெளியே, 0.8 உள்ளே என்றால் நடு இடைவெளி 1 மி.மீ. மடிப்பு அரை வட்டம், ஆகவே உள் தோல் 3 மி.மீ. குறைவு.

25 நவம்பர்

நேற்று எழுதிய 3 மி.மீ. மாட்டுத் தோலுக்கும் கன்றுத் தோலுக்கும். ஆட்டுத் தோல் லைனிங் இழுபடும், 3 மி.மீ. முழுவதும் குறைத்தால் பர்ஸ் திறந்தபடி தட்டையாகக் கிடக்க மறுக்கும். 2 போதும்.

11 ஜனவரி 2025

பசை கெட்டியானால் பெட்ரோல் ஊற்றி இளக்கலாமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

வேண்டாம். பெட்ரோலில் பென்சீன் உண்டு, இன்றைய தர விதியே 1 சதவீதம் வரை அனுமதிக்கிறது. பென்சீன் கலந்த பசையோடு வேலை செய்த இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளிகளிடம் ரத்தப் புற்றுநோய் வந்ததை மருத்துவர் முசாஃபர் அக்சோய் 1970களில் பதிவு செய்தார். பல பசைகளில் இருக்கும் ஹெக்சேன் இன்னொரு வகை. 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டியவர்களுக்குக் கால் மரத்து நடை தளர்ந்தது ஹெக்சேனால்தான். பாதத்தில் ஊசி குத்துவது போலத் தொடங்கி மேலே ஏறும். வேலையை நிறுத்திய பிறகும் சில மாதம் மோசமாகிக்கொண்டே போகக்கூடும். அந்த மக்கள் அடைத்த வீட்டில், குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து ஒட்டியவர்கள். நம் வீட்டு வேலையும் அப்படித்தான் நடக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஓடும். ஜன்னல் திறந்திருக்கிறது என்பது போதாது, கதவடி வழியாக வெளியேற வழி வேண்டும். பக்கத்து அறை பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு வரை தவழ்ந்து போய்ப் பற்றிக்கொள்ளும். தரையில் உட்கார்ந்து ஒட்டாதீர்கள், மூக்கு சரியாக அந்த மட்டத்தில் இருக்கும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க்தான் தடுக்கும்.

கெட்டியான பசைக்கு அதே கம்பெனியின் தின்னர், பசையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலம் விடும், ஒட்டாது. பசை கட்டி கட்டியாக, தயிர் உறைந்த மாதிரி ஆகிவிட்டால் எந்தத் தின்னரும் மீட்காது. பெரிய டப்பாவை ஒவ்வொரு முறையும் திறப்பதைவிட, 100 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் பிரித்து வைத்துக்கொள்வது மேல்.

4 மே 2025

கார் டேஷ்போர்டில் வைத்த மூக்குக் கண்ணாடி உறை பிரிந்தது என்று படம் வந்திருக்கிறது. படலம் நீளவாட்டில் வழுக்கியிருக்கிறது, அறுந்ததல்ல. மே மாத வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். மஞ்சள் சொல்யூஷன் அந்தச் சூட்டில் இளகும். இதே குணத்தைப் பழைய வேலையைப் பிரிக்கவும் பயன்படுத்தலாம்: டிரையரால் சூடு காட்டி, மழுங்கிய கத்தியை மெல்ல நுழைத்தால் தோல் கிழியாமல் வரும். வெயிலில் கிடக்கும் பொருளுக்குத் தையல்தான் தாங்கும், பசை தையல் வரைக்கும் பிடித்துக்கொடுக்கும் கை.

18 மே: கேட்டவர்

புது பெல்ட் ஒட்டிட்டேன். பக்கெட் மேல வளைச்சுத்தான். மிச்சத் தோலில் 2.5 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதையும் அதே பசையில் ஒட்டி, 24 மணி நேரம் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். லைனிங்கின் நார் பிய்ஞ்சு வெஜ் டேன் பக்கம் ஒட்டிக்கிச்சு. படம் போட்டிருக்கேன்.

18 மே, இரவு

படம் பார்த்தேன். பட்டையின் முழு அகலத்துக்கும் பஞ்சு மாதிரி நார் நிற்கிறது, இடது ஓரத்தில் மட்டும் ஒரு நெல் அகலத்துக்குப் பசை மினுங்குகிறது. அங்கே சுத்தி படவில்லை. பெல்ட்டிலும் அதே பக்க ஓரத்தை ஒரு முறை உருளையால் அழுத்தி ஓட்டிவிடுங்கள்.

இரண்டு அடுக்கும் தேவையைவிட 4 மி.மீ. கூடுதல் அகலமாக வெட்டி ஒட்டியிருப்பதால் இப்போது இரும்பு ஸ்கேல் வைத்து இரண்டையும் ஒரே வெட்டாக 3.5 செ.மீ.க்கு நறுக்கலாம். ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தால் க்ரேப் ரப்பர் துண்டால் உருட்டி எடுத்துவிட்டு, 240, பிறகு 400 உப்புத்தாள். தையல் கோடு ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே. ஊசியில் பசை ஒட்டினால் இன்னும் ஒரு நாள் விட்டுத் தையுங்கள்.